வெங்கையாவுக்கு ஒரு வரி

"அந்த மனிதருக்கு மிஞ்சியிருப்பதே இந்த ஒரு வரிதான், தம்பி. அதிலும் கை வைக்கிறீர்களே!"

மாணவர் துணைநூலுக்கு தேசியக் கொடி பற்றிய பாடத்தை எழுதித் தந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் தொலைபேசியில் சொன்னது. கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். மன்றாடுவதுபோலச் சொன்னார்.

அவர் எழுதியது: 'இந்திய தேசியக் கொடியை வடிவமைத்தவர் பிங்கலி வெங்கையா.' நான் திருத்தியது: '1921இல் வெங்கையா வரைந்த கொடியிலிருந்து படிப்படியாக இன்றைய கொடி உருவானது.'

என் பக்கம் நியாயம் இருந்தது. பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) காந்தி கேட்டதும் மூன்று மணி நேரத்தில் வெங்கையா வரைந்து கொடுத்தது சிவப்பும் பச்சையும் கொண்ட இராட்டைக் கொடி. இராட்டை யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. 1931இல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்று முடிவுசெய்தது. நிறங்களுக்கு மதங்களோடு தொடர்பில்லை என்றும் அப்போதே அறிவித்தது. (காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்ற வரியை நான் நீக்கியபோது ஆசிரியர் மறுப்பே சொல்லவில்லை.) 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த தீர்மானத்தில்தான் இராட்டையின் இடத்துக்கு சாரநாத் அசோகத் தூணின் சக்கரம் வந்தது. அந்தத் தீர்மானத்தில் வடிவமைத்தவர் என்று யார் பெயரும் இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஐயா, அவர் வரைந்ததில் வெள்ளையும் இல்லை, சக்கரமும் இல்லையே" என்றேன்.

"இருக்கட்டும். நமக்கென்று ஒரு கொடி வேண்டும் என்று 1916இலேயே புத்தகம் போட்டவர் யார்? காங்கிரஸ் கூடும்போதெல்லாம் விடாமல் கேட்டவர் யார்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. கொடியை முடிவுசெய்ய அந்தச் சபை அமைத்த குழுவின் தலைவர் ராஜேந்திர பிரசாத், உறுப்பினர்கள் ராஜாஜி, ஆசாத், அம்பேத்கர் என்று அதே பக்கத்தில் தாராளமாக எழுதியிருந்தோம். அவர்களை நினைவுகூர இந்தப் பாடம் தேவையே இல்லை. வறுமையில் 1963இல் இறந்த வெங்கையாவை இந்தப் பாடத்தை விட்டால் எந்தப் பாடத்தில் குழந்தைகள் சந்திப்பார்கள்? துல்லியம் என்று நான் எடுத்த கத்தி இருப்பவர்களை விட்டுவிட்டு இல்லாதவரை அல்லவா சீவியது?

இப்படி நினைக்கும்போதே சுரையா தியாப்ஜி நினைவுக்கு வருகிறார். அரசியல் நிர்ணய சபைப் பணியில் இருந்த பத்ருதீன் தியாப்ஜியும் அவர் மனைவி சுரையாவும்தான் சக்கரக் கொடிக்கு இறுதி வடிவம் தந்தார்கள் என்று அவர்கள் குடும்பத்தார் சொல்லிவருகிறார்கள். ஆசிரியரின் வரியை அப்படியே விட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கே கதவு அடைபடும். அதனால் நான் திருத்தியது சரிதான். ஆனால் சுரையாவின் பெயரை நான் சேர்க்கவில்லை. குடும்பத்தார் கூற்றை மட்டும் வைத்துப் பள்ளிப் புத்தகத்தில் எழுத முடியாது என்பது என் காரணம். ஆக, என் வரி ஒருவரைக் குறைத்தது, இன்னொருவரைக் கூட்டவில்லை.

"உங்கள் விருப்பம், தம்பி" என்று ஆசிரியர் கடைசியில் விட்டுக்கொடுத்தார். எனக்கு அது சம்மதமாகத் தோன்றவில்லை. என் வரியோடுதான் நூல் அச்சானது.

அடுத்த பதிப்பில் வெங்கையாவின் 1916 நூலுக்கு ஒரு வரி கேட்கப்போகிறேன். இடம் இல்லை என்பார்கள். குழு உறுப்பினர்களின் பெயர்களை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். அப்படிச் செய்வது வரலாற்றுக்கு நியாயமா, அந்த ஆசிரியரின் குரலுக்கு நான் செய்யும் பரிகாரமா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.