சந்தேக மரணம் அல்ல, காரணம் அறியப்படாத மரணம்

2022 ஜூலை இறுதியில், வேல்ஸின் பொவிஸ் பகுதியில் குன்றுகளுக்கு நடுவே தனித்திருந்த ஒரு வாடகை வீட்டில் என் அண்ணனும் அண்ணியும் இறந்துகிடந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்ன காவல் அதிகாரி, இம்மரணங்களைத் தற்போதைக்கு ‘அன்எக்ஸ்பிளைன்டு’ என்று வகைப்படுத்தியிருப்பதாகவும், ‘சஸ்பிஷியஸ்’ என்று கருதவில்லை என்றும் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். அந்த வேறுபாடு எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மாவிடம் நான் சொன்னது ‘சந்தேக மரணம்’ என்றுதான். நம் ஊரில் அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவின் கீழ்ப் பதிவான மரணங்களுக்கு நாளிதழ்கள் வழக்கமாகப் போட்ட அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை. அன்று மாலைக்குள், யாரோ கொன்றுவிட்டார்கள் என்று ஒரு பாதி உறவினரும், இருவரும் சேர்ந்து தவறான முடிவெடுத்துவிட்டார்கள் என்று மறு பாதியினரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த 11 மாதங்களில் நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி, அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெறுவதற்காகப் பட்டதுதான்.

அண்ணனுக்கு வயது 54, அண்ணிக்கு 50. குழந்தைகள் இல்லை. அண்ணி செவிலியர், இரண்டு வாரம் விடுப்பில் இருந்ததால் அவரைப் பணியிடத்தில் யாரும் தேடவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்துவந்த அண்ணனும் அதே நாட்களில் விடுப்பு எடுத்திருந்தார். அஞ்சல் பெட்டி நிரம்பி வழிவதைக் கண்டு, அடுத்த பண்ணையில் செம்மறி வளர்க்கும் முதியவர் கதவைத் தட்டிப் பார்த்தபோது ஒரு வாரத்திற்கு மேல் ஆகியிருந்தது. பிரிட்டனில் வெப்பப் பதிவுகள் முறியடிக்கப்பட்ட மாதம் அது. ஜூலை 18 அன்று வேல்ஸின் ஹாவர்டனில் 37.1 டிகிரி பதிவாகியிருந்தது. திருச்சிக்காரர்களுக்கு இது பெரிய எண் அல்ல. ஆனால் பின்னர் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த வெப்பமே.

அங்கே காரணம் தெரியாத மரணம் கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரியின் பொறுப்பில் வருகிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, வன்முறையாலோ இயற்கைக்கு மாறாகவோ நேர்ந்த மரணத்தையும், காரணம் தெரியாத மரணத்தையும் அவர் விசாரித்தே ஆக வேண்டும். அவருடைய விசாரணை விடை தேடுவது நான்கு கேள்விகளுக்கு மட்டும்: இறந்தவர் யார், எப்போது இறந்தார், எங்கே இறந்தார், எப்படி இறந்தார். யார் குற்றவாளி என்பதையோ யார் இழப்பீடு தர வேண்டும் என்பதையோ அவர் தீர்மானிக்கக் கூடாது. இதை எனக்குப் பொறுமையாக விளக்கியவர் கொரோனர் அலுவலகத்தில் எங்கள் குடும்பத்துடன் பேசுவதற்கென நியமிக்கப்பட்டிருந்த அலுவலர். அவருடைய மின்னஞ்சல் முகவரியை முதல் நாளே வாங்கிக்கொண்டதும், குடும்பத்தின் சார்பில் பேசுபவர் நான் ஒருவன் மட்டுமே என்று எழுதிக் கொடுத்ததும்தான் அந்தக் குழப்பமான வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியங்கள். இறந்தவரின் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் ‘அக்கறையுள்ள தரப்பினர்’ என்ற சட்டத் தகுதி உண்டு. அதன்படி ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம், சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம்.

விசா கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது தடயவியல் உடற்கூறாய்வு முடிந்திருந்தது. உடல்களைப் பார்க்க வேண்டாம் என்று இறுதிச் சடங்கு நிறுவனத்தார் நாசூக்காகச் சொன்னார்கள், நான் வற்புறுத்தவில்லை. ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்கு, உடலை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லக் கொரோனரின் அனுமதி, பதனிட்டதற்கான சான்று, நம் தூதரகத்தில் ரத்து செய்யப்பட்ட கடவுச்சீட்டு என்று ஒரு வரிசையே இருக்கிறது. அந்த வரிசையைக் கடந்துவிடலாம்தான். ஆனால் திறக்க முடியாத இரண்டு பெட்டிகளை அம்மாவின் முன் கொண்டுவந்து வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஐந்து வாரங்களுக்குப் பிறகு கொரோனர் உடல்களை விடுவித்ததும் அங்கேயே தகனம் செய்தோம். நான்கு பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தவர்கள் நாற்பதுக்கும் மேல். காவல்துறை வாகனங்களைப் பார்த்துவிட்டுக் காளான், கிணற்று நீர், வெளிநாட்டுக் கடன் என்று எதையெதையோ ஊகித்துப் பேசிய அதே கிராமத்தார்தாம், அண்ணியின் கோழிகளுக்கு ஐந்து வாரமும் முறை வைத்துத் தீவனம் போட்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

தகனத்திற்கு முன் ஒரு படிவம் வந்தது. ஆய்வுக்காக எடுத்து வைத்துள்ள சிறு திசு மாதிரிகளைச் சோதனை முடிந்ததும் திருப்பித் தரவா, மருத்துவ ஆவணமாக வைத்துக்கொள்ளவா, முறைப்படி அழித்துவிடவா என்று மூன்று கட்டங்கள். இருவருக்கும் தனித்தனித் தாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிரப்பிய நான் இந்த இரண்டு தாள்களை மட்டும் நான்கு நாள் கையில் வைத்திருந்தேன். வைத்துக்கொள்ளும்படி இறுதியில் குறித்தேன். பிற்காலத்தில் புதிய சோதனை ஏதேனும் வந்தால் உதவும் என்பது என் கணக்கு.

சோதனைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இருவர் ஒருசேர இறந்தால் முதலில் தேடுவது கார்பன் மோனாக்சைடு நச்சைத்தான். குழாய் எரிவாயு எட்டாத அந்தப் பகுதியில் கொதிகலன் எண்ணெயில் ஓடுவது. கூடவே விறகு அடுப்பும் இருந்தது. இரண்டையும் வல்லுநர்கள் இயக்கிப் பார்த்துக் கோளாறு இல்லை என்றார்கள். இரத்தத்திலும் அதற்கான தடயம் இல்லை. குடிநீர் ஊற்றிலிருந்து வருவது என்பதால் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவினர் அதையும் சோதித்தார்கள். அது சுத்தமாக இருந்தது. நச்சுயியல் அறிக்கை வர நான்கு மாதம் ஆயிற்று. எல்லா நஞ்சையும் ஒரே சோதனை காட்டிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அப்படியில்லை: வழக்கமான சோதனை ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ள பொருட்களைத்தான் தேடும், அதற்கு வெளியே உள்ளதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காளானைப் பற்றிய ஊர்ப்பேச்சை எழுதிக் கேட்டேன். அதையும் தேடினார்கள், கிடைக்கவில்லை. உடல் சிதையும்போது சில பொருட்கள் மறைந்துவிடும், மது போன்ற சில தாமாகவே உண்டாகும். ஆகவே அறிக்கையில் ‘இல்லை’ என்றிருப்பதற்கு, இருந்திருக்கவே முடியாது என்று பொருளில்லை என நோயியல் நிபுணர் எழுதியிருந்தார்.

விசாரணையை ஆறு மாதத்திற்குள் முடிக்க வேண்டும் என்பது விதி; முடியாதபோது நீள்கிறது. அதுவரை கொரோனர் தரும் இடைக்கால இறப்புச் சான்றிதழைக் கொண்டே அங்குள்ள வங்கிகளுக்கும் வாரிசுரிமை விண்ணப்பத்திற்கும் விடை சொல்லிவிடலாம். 2023 ஜூனில் நடந்த இறுதி விசாரணையில் நான் திருச்சியிலிருந்து காணொளியில் கலந்துகொண்டேன். தற்கொலையா என்ற கேள்வியைக் கொரோனர் தவிர்க்கவில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, தற்கொலை என்று முடிவுகட்ட ஐயத்திற்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. அதற்கே கூடுதல் வாய்ப்பு என்று காட்டினால் போதும். அந்தக் குறைந்த அளவுகோலைக்கூட எட்டும் சான்று இல்லை என்றார்: கடிதம் இல்லை, கடன் இல்லை, தீபாவளிக்கு ஊருக்கு வர விமானச் சீட்டு இருந்தது. மரணக் காரணம் ‘கண்டறிய இயலவில்லை’. முடிவு ‘ஓப்பன்’, அதாவது சான்றுகள் எந்த முடிவையும் தாங்கவில்லை. கேள்வி உண்டா என்று கேட்டார். யார் முதலில் போனது என்று கேட்கச் சொல்லி அம்மா அருகில் இருந்தார். கேட்டேன். அதையும் சொல்ல முடியாது என்றார்.

அம்மா மனவேதனையில் கேட்ட அந்தக் கேள்வி, சொத்து விஷயத்தில் சட்டக் கேள்வியாகத் திரும்பி வந்தது. இருவரும் உயில் எழுதியிருக்கவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி, உயில் இல்லாதபோது கணவனோ மனைவியோ மற்றவருக்குப் பின் 28 நாள் உயிரோடு இருந்தால்தான் வாரிசு. ஆகவே அங்கிருந்த அண்ணனின் பணம் அம்மாவுக்கும், அண்ணியின் பணம் அவருடைய தாயாருக்கும் பிரிந்தது. இங்கே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, யார் முதலில் இறந்தார் என்று தெரியாதபோது இளையவரே பின்னால் இறந்ததாகக் கொள்கிறது. அதன்படி அண்ணி, கணவனை இழந்து, பிள்ளையின்றி, பின்னர் இறந்தவர். அப்படி இறக்கும் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் 15ஆவது பிரிவின்படி அவளுடைய பெற்றோருக்குப் போவதில்லை, கணவனின் வாரிசுகளுக்கே போகிறது. இரவுப் பணி பார்த்துச் சேர்த்த காசில் அண்ணி திருச்சியில் வாங்கிய மனை, சட்டப்படி எங்கள் அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. இந்தச் சட்டம் எனக்கு நியாயமாகப் படவில்லை. அம்மாவும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், “அது சம்பந்தியம்மாவுடையது, எழுதிக் கொடுத்துவிடு” என்றார்.

அதற்காக வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனபோது, வேல்ஸிலிருந்து வந்த இறுதி இறப்புச் சான்றிதழ்களை, வேறு நாட்டில் செல்லும்படி ஆவணத்தை உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையோடும் தமிழ் மொழிபெயர்ப்போடும் கேட்டார்கள். முத்திரை ஏற்கெனவே வாங்கியிருந்தேன். மொழிபெயர்ப்பாளர் மாலையில் தந்த தாள்களை வாசலிலேயே நின்று படித்தேன். மரணக் காரணம் என்ற கட்டத்தில் இருவருக்கும் ‘சந்தேக மரணம்’ என்று தட்டச்சு செய்திருந்தார். உள்ளே திரும்பிப் போய் மாற்றித் தரச் சொன்னேன். எல்லாம் ஒன்றுதான் சார், இங்கே இப்படித்தான் போடுவோம், ஆபீஸில் கேட்க மாட்டார்கள் என்றார். ‘கண்டறிய இயலவில்லை’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் கணினியைத் திரும்ப இயக்கி இரண்டு தாள்களையும் புதிதாக அச்செடுக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.