மங்கில் மழை விழும் நேரம்: சனிக்கிழமைக் கதை வகுப்பின் ஆறு வாரங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது, ஆசைதான். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். ஆறு வாரங்கள் ஓடிவிட்டன. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதல் வாரம் எதையும் விளக்காமல் ஒரு கதை எழுதச் சொன்னேன். ஐந்து கதைகளில் கடிகாரம் அலறி நாயகன் கண் விழித்தான். நான்கு கதைகள் கனவாகக் கலைந்தன. பெரும்பாலானவற்றின் கடைசி வரியில் ஒரு பழமொழி உட்கார்ந்திருந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்காக மனப்பாடம் செய்த வாக்கியங்கள் மட்டும் அண்ணன், அக்காமாரின் பழைய பயிற்சி நூல்கள் வழியாக இன்னும் வீட்டில் உலவுகின்றன.

இரண்டாம் வாரம் பலகையில் ஒரு கூம்பு வரைந்தேன். ஜெர்மானியரான குஸ்தாவ் பிரைடாக் 1863-இல் நாடகக் கலையைப் பற்றி எழுதிய நூலில் காட்டிய வடிவம் அது: தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. பிள்ளைகள் அளவுகோல் வைத்து அழகாக வரைந்துகொண்டார்கள். கதைகளில் ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாம் வாரம் நம்மிடம் இருப்பதையே எடுத்தேன். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளை (கதை வளரும் கட்டங்களை) நெற்பயிரை வைத்து விளக்குகிறார். விதை முளைப்பது முகம். நாற்றாவது பிரதிமுகம். கரு கொள்வது கருப்பம். கதிர் முற்றித் தலை சாய்வது விளைவு. அறுத்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும் இடம் அது. ஆனால் நெல் வயல் பார்க்க இவர்கள் கிரியான் பக்கம் போக வேண்டும். எங்கள் பக்கம் ரப்பரும் செம்பனையும்தான்.

அன்று பேரனை அழைத்துப்போக வந்த பாட்டி ஒருவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். "அம்மா, உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்களேன்" என்றேன்.

"என்ன டீச்சர், அதில் என்ன கதை இருக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். கடைசி மரத்தை வெட்டிய பிறகு, மங்கு எனும் கிண்ணத்தில் பால் சொட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். "மங்கு பாதி நிறைந்திருக்கும். அப்போது பார்த்து வானம் கறுக்கும்" என்றார். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரத்தில் பரவி வழிந்துவிடும். மங்கில் விழும் மழை மிச்சத்தையும் கெடுத்துவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு எந்த மரத்துக்கு முதலில் ஓடுவது?

மண்டபத்தில் சத்தமே இல்லை. ஒரு பையன் மட்டும், "எந்த மரத்துக்குப் பாட்டி ஓடினீர்கள்?" என்று கேட்டான். எனக்கு வேண்டிய பாடம் அந்தக் கேள்விதான்.

அதன் பிறகு கூம்பை அழித்துவிட்டேன். ஒவ்வொரு கதையிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறோம். மங்கில் என்ன இருக்கிறது? மழை எப்போது வருகிறது? எந்த மரத்துக்கு ஓடுகிறாய்? இழக்க ஏதாவது இருந்தால்தான் மழைக்கு மதிப்பு. ஓடுகிற மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் ஆள் யாரென்று தெரியும்.

நான்காம் வாரம் 'பிறகு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, அந்த இடத்தில் 'அதனால்' அல்லது 'ஆனால்' வருமா என்று பார்த்தோம். இரண்டும் வராத இடங்களில் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் சும்மா வரிசையில் நிற்கின்றன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓட்டப் போட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். ஓடினாள், முதல் பரிசு, கைத்தட்டல். யாருடைய காலணி என்று கேட்டேன். அக்காவுடையதாம், கேட்காமல் எடுத்ததாம். "பெரிதாக இருக்குமே?" "முனையில் பேப்பர் அடைத்துக்கொண்டேன் டீச்சர்." கதையில் அந்தப் பேப்பர் இல்லவே இல்லை! அதிலிருந்தே தொடங்கச் சொன்னேன். புதிய கதையில் கடைசி வளைவில் ஒரு காலணி கழன்று விழுகிறது. பரிசா, அக்காவின் காலணியா? அவள் திரும்பி ஓடுகிறாள். முடிவை மூன்று முறை மாற்றினாள். முதலில் அக்கா திட்டினாள், அடுத்ததில் மன்னித்தாள். ஐந்தாம் வாரம் கொண்டுவந்தது இது: "மறுநாள் அக்கா காலணிக்குள் காலை விட்டாள். போகவில்லை. உள்ளே விரலை விட்டுக் கசங்கிய பேப்பரை எடுத்தாள். என்னைப் பார்த்தாள்." அங்கேயே நிறுத்திவிட்டாள். துய்த்தல் என்பதற்கு இனி இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லப்போகிறேன்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. இரண்டு பேர் இன்னும் கனவை விடவில்லை. பாட்டியிடம் கேள்வி கேட்ட பையன் மூன்று பக்கங்களுக்கு மழையை எழுதிவிட்டான். இடியும் மின்னலும் நன்றாகவே இருக்கின்றன, ஆள் இன்னும் தோட்டத்துக்குள் வரவில்லை. ஏழாம் வாரத்துக்கு முன் அந்தப் பாட்டியைச் சந்தித்து அவருடைய பழைய மங்கு ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். அதை அவன் கையில் கொடுத்து எழுதச் சொல்லிப் பார்க்கிறேன்.