மண்டபம் தகரக் கொட்டகையும் ஒரு வி.எச்.எஃப். ஆன்டெனாவும்

மண்டபம் ஊர்க் கரையில், கடலில் உள்ள படகுகளோடு பேசும் வி.எச்.எஃப். ரேடியோ நிலையம் ஒன்று. தென்கடல் படகுகள் தெளிவாகக் கேட்கின்றன, வடகடல் படகுகள் கேட்கவில்லை என்பதுதான் அங்கே புகார். ஆன்டெனாவுக்கு வடக்கே ஆறு மீட்டரில் ஒரு தகரக் கொட்டகை. 40 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். மறைப்பது அதுதான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கம்பத்தை எவ்வளவு உயர்த்தினால் போதும் என்று சொல்லத்தான் சிமுலேஷன், அதாவது அலை எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிடுவது.

16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 1.9 மீட்டர். மொமென்ட்ஸ் முறை என்பது உலோகப் பரப்பைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டுபிடிப்பது. கொட்டகை முழுவதையும் அந்த முறையில் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்காக நறுக்கினால் ஏறத்தாழ 1,40,000 மாறிகள். அவற்றுக்கான சமன்பாடுகளின் அணி (மேட்ரிக்ஸ்) முழுவதையும் சேமிக்க 300 ஜிபிக்கு மேல் நினைவகம் வேண்டும். அதனால் இரண்டு முறைகளைச் சேர்த்த ஹைபிரிட்: ஆன்டெனாவும் கம்பமும் மொமென்ட்ஸில், கொட்டகை யூ.டி.டி.யில் (அலையைக் கதிர்களாகப் பார்த்து, விளிம்புகளில் அது வளைவதைக் கணக்கிடும் முறை). அமைத்தது ஒரு மாலை வேலை.

உயிரை வாங்கியது கொட்டகையின் வரைபடம். அலுவலகத்தில் கேட்டால், "லெட்டர்பேடில் எழுதிக் கொண்டு வாங்க." கொண்டு போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில். கடைசியில் கிடைத்தது மங்கிய ஜெராக்ஸ் ஒன்று. அதை வைத்து ஓட்டிய கணக்கும் நாட்டுப்படகில் சுற்றி வந்து அளந்த சிக்னலும் நிழல் பக்கத்தில், அதாவது கொட்டகை மறைக்கும் வடபக்கத்தில், ஒட்டவே இல்லை. தென்பக்கம் அழகாகப் பொருந்தியது. மென்பொருளைச் சந்தேகித்தே எத்தனை இரவுகள் போயின! அப்புறம் டேப்போடு ஏணியில் ஏறிப் பார்த்தால், கூரை முகட்டில் முழு நீளத்துக்கும் காற்றுப்போக்கி, ஒன்றரை மீட்டர் உயரம். வரைபடத்தில் அது இல்லவே இல்லை. அலை வளைந்து இறங்குவதே அந்த விளிம்பில்தான். அதைச் சேர்த்ததும் நிழலும் பொருந்தியது. எந்த அலுவலகம் தந்த தாளானாலும் நேரில் அளக்காமல் ஓட்டாதீர்கள்.

இன்னும் சில. பி.ஓ. (பிசிக்கல் ஆப்டிக்ஸ்) என்ற இன்னொரு முறை வேகமானது, ஆனால் நிழல் பக்கம் மின்னோட்டமே இல்லை என்று வைத்துக்கொள்ளும். ஆழமான நிழலில் அதை நம்ப முடியாது. கெல்லர் 1962-இல் தந்த ஜி.டி.டி. என்ற விளிம்பு வளைவுக் கோட்பாடு, நிழல் எல்லையில் முடிவிலிக்கு ஓடிவிடும். கூயூம்ஜியனும் பாதக்கும் 1974-இல் அதைச் சரிசெய்ததுதான் யூ.டி.டி. நம் படகுகள் நிற்பதே அந்த எல்லையை ஒட்டி என்பதால் இது சின்ன விஷயமில்லை. இழுகம்பிகளையும் கேபிளின் வெளியுறையையும் மொமென்ட்ஸ் பக்கமே வையுங்கள், அவற்றிலும் மின்னோட்டம் ஓடும். கொட்டகையிலிருந்து ஆன்டெனாவுக்குத் திரும்பி வரும் இணைப்பை மென்பொருளில் இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆன்டெனாவின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்), கொட்டகையே இல்லாதது போல வரும்.

ஹைபிரிட் முடிவைச் சோதிக்கப் பெரிய கணினி தேவையில்லை. அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் மாறிகள் கால்வாசி, நினைவகம் பதினாறில் ஒன்று: 20 ஜிபி. அந்த அளவில் முழு மொமென்ட்ஸை ஓட்டி ஒப்பிட்டேன். அலை பரவும் வடிவம் ஒத்துப்போனதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

முகட்டுக்கு மேல் மூன்று மீட்டர் என்று கணக்கு சொன்னது, கம்பத்தை அப்படியே உயர்த்தினோம். வடக்கே பத்து கிலோமீட்டரில் நின்ற விசைப்படகு முதல் அழைப்பிலேயே பதில் சொன்னது.