உங்களுக்கு என்ன தோணுது அண்ணே?

ஷிஃப்ட் தொடங்கி ஏழெட்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆபரேட்டர் அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இடது ஃபோர்க் (சுமையைத் தூக்கும் இரும்புக் கை) பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது வளைந்து மேலே ஏறுகிற இடத்தைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், இங்க ஒரு கோடு தெரியுது. கீறலா விரிசலான்னு சொல்ல முடியல" என்றார். நானும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பெயின்ட் உதிர்ந்த இடம், கிரீஸும் தூசியும் சேர்ந்து இறுகிய கறுப்பு, நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன். நகம் மாட்டிய மாதிரியும் இருந்தது, மாட்டாத மாதிரியும் இருந்தது. நிமிர்ந்து நான் கேட்டது இதுதான்: "உங்களுக்கு என்ன தோணுது அண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் காத்துக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தார். "கீறல் மாதிரிதான் இருக்கு சார்." வண்டியைச் சோதிக்கும் ஷீட்டில் டிக் போட்டு நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் கழித்து வழக்கமான சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் அதே இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பையைத் திறந்தார். சுத்தம் செய்தார், சிவப்புச் சாயத்தை அடித்தார், ஊறவிட்டார், துடைத்தார், மேலே வெள்ளை மருந்தை ஸ்ப்ரே செய்தார். சுண்ணாம்பு பூசியது போல இருந்த அந்த வெள்ளைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு சிவப்புக் கோடு கசிந்து வந்தது. விரிசல்தான், ஒரு விரல் நீளம். "ஜோடியா மாத்தணும் சார், ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாது, வெல்டிங்கும் வைக்கக் கூடாது" என்றார். சாவியை எடுத்தோம், வண்டியை ஓட்டக் கூடாது என்று சிவப்பு டேக் தொங்கவிட்டோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஒரு பேலட் கூடச் சரியவில்லை. அதனால் இதை விபத்து என்றும் சொல்ல முடியாது, விபத்து நடக்க இருந்தது என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சிவப்புக் கோடுதான் கண்ணிலேயே நிற்கிறது.

நான் 'டிக் போடுங்க' என்று சொல்லவில்லை. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டிருப்பேன் என்று கணக்கில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அண்ணன் வண்டி ஓட்டுகிறவர். எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள், தினமும் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத்தான் வண்டியின் குணம் தெரியும், அவன் பேச்சைக் கேளுங்கள் என்று. நானும் கேட்கத்தானே செய்தேன்? மரியாதையாக, அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

ஆனால் அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். 'சொல்ல முடியல' என்பதுதான் அவருடைய பதில். என்னைக் கூப்பிட்டதே அதற்காகத்தான். அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளாமல் வேறு பதில் கேட்டவன் நான். எங்கள் ஷீட்டில் டயர், செயின், ஹோஸ், ஹாரன், பிரேக், சீட் பெல்ட் என்று எல்லாவற்றுக்கும் நேராக இரண்டு கட்டம்தான் உண்டு, சரி அல்லது சரியில்லை. 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் கிடையாது. தெரியவில்லை என்றால் சரியில்லை என்றுதான் அர்த்தம், தகுதியான ஆள் பார்க்கும்வரை வண்டி நிற்க வேண்டும். அது எனக்கு அன்றும் தெரியும். சிலர் ஒரு வாரத்து ஷீட்டை ஒரே சாய்வில், ஒரே மூச்சில் டிக் அடித்து வைத்திருப்பார்கள், ஹாரனை அமுக்கிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைத் திட்டியிருக்கிறேன். இவர் துணி எடுத்து கிரீஸைத் துடைத்துப் பார்த்த மனிதர்.

இன்னொரு சமாதானமும் வைத்திருந்தேன். மெக்கானிக் காலிப்பர் வைத்து அளந்தபோது தேய்மானம் அளவுக்குள்தான் இருந்தது. ஃபோர்க்கின் தடிமன் 10 சதவீதம் தேய்ந்துவிட்டால் கழற்றிவிட வேண்டும். 10 என்பது சின்னக் கணக்காகத் தெரியும், ஆனால் தாங்கும் பலம் தடிமனின் வர்க்கத்தோடு போவதால் அதற்குள் ஏறக்குறைய 20 சதவீதம் போயிருக்கும். எங்களுடையது அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. இதையும் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். விரிசலுக்கும் தேய்மானத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லவில்லை, நானே ஒரு நாள் ஒத்துக்கொண்டேன். விரிசல் விட்டிருந்தால் தடிமன் எவ்வளவு இருந்தும் பயனில்லை, சுமை ஃபோர்க்கை வளைக்கிற விசை அதிகமாக விழுவது அந்தக் குதிகாலில்தான், அதாவது ஃபோர்க் வளைந்து மேலே ஏறுகிற இடத்தில். 'இது எப்போ விட்டிருக்கும்?' என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவருடைய 'சொல்ல முடியாது' மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

அதற்கப்புறம் நான் மாறினேன், அதில் ஒரு பெருமையும் இருந்தது. யார் சந்தேகம் என்று வந்தாலும் கேள்வியே கேட்காமல் சாவியை உருவினேன். ஒரு பையன் ஹைட்ராலிக் ஹோஸ் ஈரமாக இருக்கிறது என்றான், கையை வைக்காமல் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்திருந்தான், சரியாகச் செய்தான், டேக் போட்டேன். கழுவிய தண்ணீர்தான் அது. அவனுக்கு அன்று முழுக்கக் கைவண்டி. இரண்டு மூன்று வாரத்தில் ஷீட்டுகளில் 'சரியில்லை' கட்டம் காலியாகிக்கொண்டே வந்தது. வண்டிகள் திடீரென்று நன்றாகிவிட்டன என்று நினைக்க எனக்கும் ஆசைதான். அண்ணன்தான் சொன்னார்: "நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் உங்ககிட்ட வரணும்னு பசங்க பேசிக்கிறாங்க சார்."

ஆக, கேட்டாலும் தப்பு, கேட்காவிட்டாலும் தப்பு என்கிற மாதிரி ஆகிவிட்டது. நிறுத்திய வண்டிக்குப் பதில் வண்டி இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்று தோன்றும். அது நிர்வாகத்தின் மேல் பழியைப் போடுவது என்றும் தோன்றும். இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

போன மாதம் ஒரு காலையில் அண்ணனிடமே அதைக் கேட்டுவிட்டேன், அன்றைக்கு நினைவிருக்கிறதா என்று. "நீங்க நிறுத்துன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன் சார்" என்றார். "விரிசல் மாதிரி இருக்குன்னு நீங்க சொல்லியிருந்தா நானும் நிறுத்தச் சொல்லியிருப்பேன் அண்ணே" என்றேன். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பி சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரனை ஒரு முறை அடித்தார். ஷீட்டை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன்.