தொண்டை வலியில் தொடங்கும் இதய நோய்

தொற்றுநோய் வேறு, நாட்பட்ட நோய் வேறு என்று பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். அந்தப் பிரிவினை எவ்வளவு தவறானது என்பதற்கு ருமாட்டிக் இதய நோயைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாக்கி, சில நாள்களில் தானாகவே தணிந்துவிடும். ஆனால் அவர்களில் ஒரு சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று வீக்கம் இடம் மாறும். அந்தக் கிருமியின் மேலுறையில் உள்ள எம் புரதம் நம் இதயத்தின் புரதங்கள் சிலவற்றை ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்க உருவான நோயெதிர்ப்பு ஆற்றல் இதயத்தையே தாக்கத் தொடங்குகிறது. மூட்டு வீக்கம் சுவடின்றி மறையும். இதய வால்வுகளில் விழுந்த தழும்போ ஆண்டுக்கணக்கில் தடித்து, இறுகி, இரத்தம் போகும் வழியைக் குறுக்கிக்கொண்டே போகும். இதுதான் ருமாட்டிக் இதய நோய்.

என் சித்தி மகளுக்கு ஆறாம் மாதக் கர்ப்பத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இரவில் தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினாள். எக்கோ என்னும் இதய ஒலியலைப் பரிசோதனை எடுத்தபோது, இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதியளவு கூடுவதால், அதுவரை வெளியே தெரியாத சுருக்கம் அப்போதுதான் வெளிப்படுவது பலருக்கும் நேர்வதே. பள்ளிப் பருவத்தில் அவளுக்கு முழங்கால் வீங்கியதும், "வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டதும் சித்திக்கு அதன் பிறகே நினைவுக்கு வந்தது.

சுருங்கிய வால்வை பலூன் கொண்டு விரிக்கும் முறை 1980களிலிருந்தே உண்டு. அதைவிட எளிய காவல், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. ஒவ்வொரு புதுத் தொற்றும் வால்வை மேலும் சிதைக்கக்கூடும் என்பதால், இதயம் பாதிக்கப்பட்டவர்கள் இதைக் குறைந்தது 10 ஆண்டுகளும், சிலர் 40 வயது வரையிலும் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து கெட்டியானது, இடுப்பில் நன்றாக வலிக்கும். ஒவ்வாமை குறித்த அச்சமும் உண்டு. கடுமையான ஒவ்வாமை அரிது என்றாலும், அதைச் சமாளிக்க அட்ரினலின் கைவசம் இருக்கும் இடத்தில் போடுவதே சரி. உடம்பு நன்றாக இருக்கும்போது ஊசி எதற்கு என்று பாதியில் நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் பதறுகிறது.

இத்தனைக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலி தொடங்கிய 9 நாள்களுக்குள் பெனிசிலின் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால், பெரும்பாலானோருக்கு இதயத்தைத் தாக்கும் அந்தக் காய்ச்சலே வராமல் தடுத்துவிடலாம்.