ஒரு கூடை காட்டு மண்

புதுச்சேரிக்கு வடக்கே, மழை அரித்துப்போட்ட செம்மண் மேடுகளில் இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்களைத் திரும்ப வளர்ப்பதுதான் எங்கள் நாற்றங்காலின் வேலை. வீரை, காசான், உலக்கைப்பாலை எல்லாம் கோயில்காடுகளில் மிஞ்சியிருப்பவை. செம்மண், மணல், தொழு உரம் கலந்த பையில் கன்று பச்சைப்பசேலென்று நிற்கும். மேட்டில் நட்டு ஒரு கோடை வந்தால் சுணங்கிவிடும். உடனே எல்லோரும் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள்.

தண்ணீர் பாதிக் கதைதான். செம்மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக் கிடக்கும். வேருக்குச் சுலபத்தில் கிடைக்காது. வேரோடு கூடி வாழும் பூஞ்சை, உரக்கடையில் 'வேம்' என்று விற்பார்களே அதுதான், வேர் எட்டாத இடத்துக்கும் இழைவிட்டு அதைக் கொண்டுவந்து கொடுக்கும். மேல்மண் அடித்துப்போன இடத்தில் அந்தப் பூஞ்சைக்கும் பஞ்சம்.

சரி, கோயில்காட்டு மண்ணையே கொண்டுவரலாம் என்று கேட்கப் போனோம். சருகை விலக்கினால் கறுத்த, பொலபொலவென்ற மண். புதிதாக வருகிறவர்கள் சருகில் ஓடும் வெள்ளை இழையைக் காட்டி இதுதானே என்பார்கள். இல்லை, அது சருகை மட்க வைப்பது. நமக்கு வேண்டியது வேருக்குள் இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அங்கே விளக்கேற்ற வந்த ஆயா கூடையைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்: "மண்ண அள்ளிட்டுப் போனா இந்த மரம் எதுல நிக்கும் தம்பி?"

கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்தது ஒரே ஒரு கூடைக்கு. அதைத் தொட்டியில் கலந்து மக்காச்சோளம் விதைத்தோம். இரண்டு மாதத்தில் சோள வேரில் பூஞ்சை பெருகிவிடும். தட்டையை அறுத்துவிட்டு, வேரை நறுக்கி மண்ணோடு பிசைந்து வைத்தால் அதுதான் உறைமோர்.

அமேசானிலும் இதே சங்கடம்தான். பழங்குடிகள் கரி, மீன்முள், உடைந்த பானை, குப்பை சேர்த்து நூற்றாண்டுகளாக உருவாக்கிய கறுப்பு மண் அங்கே உண்டு. பிரேசில் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட சோதனையில், அந்த மண்ணை 20 சதவீதம் கலந்ததற்கே, வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த செட்ரெலா என்ற மரத்தின் கன்றுகள் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தன. ஆனால் மண்ணை வெட்டியெடுக்கச் சொல்லவில்லை அவர்கள். அதிலுள்ள நுண்ணுயிர்களைக் கண்டறிந்து பயன்படுத்தலாம் என்றார்கள். ஆயா சொன்னதும் அதுவேதான்.

இப்போது பைக்கு ஒரு கைப்பிடி சோளத்தொட்டி மண் போடுகிறோம். வீரையும் காசானும் கோடையில் முன்போல் முகம் வாடுவதில்லை. உலக்கைப்பாலைதான் எதற்கும் மசியவில்லை; அது தன் இஷ்டத்துக்குத்தான் வளரும்.