எருக்குழி மண்ணில் மெட்டாரைசியம்: சி.டி.ஏ.பி. கலந்த ஓட்ஸ் அகர் கைகொடுத்தது

தென்னந்தோப்பின் எருக்குழி மண்ணிலிருந்து, பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையான மெட்டாரைசியத்தை இம்முறை தெளிவாகப் பிரித்தெடுத்துவிட்டேன். காண்டாமிருக வண்டின் புழுக்கள் எருவுக்குள்ளேயே வளர்வதால், அவற்றைக் கொல்லும் பூஞ்சையையும் அங்கேயே தேடுவதுதான் முறை. ஆனால் இதே மண்ணைச் சாதாரண உருளைக்கிழங்கு அகரில் (பூஞ்சை வளர்க்கும் கெட்டியான ஊடகம்) பரப்பினால், வேகமாகப் பரவும் பூஞ்சைகளான டிரைக்கோடெர்மாவும் மியூக்கரும் சில நாட்களிலேயே தட்டை மூடிவிடும். மெதுவாக வளரும் மெட்டாரைசியத்துக்கு இடமே இராது.

இந்த வெற்றி முழுக்க ஊடகத்தால் வந்தது. ஓட்ஸ் அகரில் லிட்டருக்கு, பாக்டீரியாவை அடக்கும் குளோராம்ஃபெனிகால் 0.5 கிராமும், மற்றப் பூஞ்சைகளை அடக்கும் சி.டி.ஏ.பி. (செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு) 0.6 கிராமும் சேர்த்தேன். முன்னது சூட்டைத் தாங்குவதால் குக்கரில் ஏற்றுமுன்பே கலந்துவிடலாம். சி.டி.ஏ.பி.தான் பொறுமையைக் கேட்கிறது. குளிர்ந்த நீரில் அது சரியாகக் கரையாது. சோப்பைப் போன்ற தன்மை உள்ளதால் சற்றுக் குலுக்கினாலும் நுரைத்துவிடும். நுரையோடு ஊற்றிய அகரில் குமிழிகள் அப்படியே உறைந்து குழிகளாகி, அவற்றில் மண் கரைசல் தேங்கி, தனித்தனியாக எழ வேண்டிய காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே, கிருமி நீக்கிய வெந்நீரில் அதைத் தனியே கரைத்து, குடுவையின் உட்சுவரோரமாக வழியவிட்டு, மெல்லச் சுழற்றி, நுரை அடங்கும்வரை 50 டிகிரி வெந்நீரில் நிறுத்திவைத்த பிறகே தட்டுகளில் ஊற்றினேன்.

சி.டி.ஏ.பி.க்குப் பதிலாகப் பலர் பரிந்துரைக்கும் டோடின் என்ற பூஞ்சைக்கொல்லி இந்தியாவில் ஆப்பிள் சொறிநோய்க்கான மருந்து என்பதால், நம் பக்கத்து உரக்கடைகளில் அதைத் தேடி அலைவது வீண். தவிர, வெட்டுக்கிளியைத் தாக்கும் மெட்டாரைசியம் அக்ரிடம் போன்றவற்றின் வளர்ச்சியையும் அது அடக்கிவிடும். இதே வேலைக்குப் பயன்படும் சைக்ளோஹெக்சிமைடு கடும் நஞ்சு. வீட்டில் அதைக் கையாளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சி.டி.ஏ.பி.யோ தாவர டி.என்.ஏ. பிரித்தெடுப்பில் அன்றாடம் புழங்குவதால், ஆய்வகப் பொருள் விற்பவர்களிடம் எளிதில் கிடைக்கிறது. இதையும் கையுறை போட்டே எடுக்க வேண்டும்.

வித்துகள் நீரில் ஒட்டாதவை என்பதால், மண்ணை 0.1 சதவீத ட்வீன் 80 (நீரில் கலக்க உதவும் சோப்புப் போன்ற பொருள்) கரைசலில் கலக்கிப் பரப்பினேன். முதலில் எழுந்த சிறு வெள்ளைக் காலனிகள் இரண்டாம் வாரத்தில் நடுவிலிருந்து மஞ்சளாகி, பின் கரும்பச்சையாயின. ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நீள்உருளை வடிவ வித்துகள் சங்கிலிகளாகச் சேர்ந்து அடர்த்தியாக நின்றன. டிரைக்கோடெர்மாவின் வித்துகள் உருண்டையாக, கொத்துக்கொத்தாக இருக்கும்.

தூய வளர்ப்பாக மாற்றும் வேலை இன்னும் மீதமிருக்கிறது. ஆயினும் அரிசியில் வளர்த்து வித்துப்பொடி எடுப்பதற்கான பைகளை இப்போதே வாங்கிவிட்டேன். அந்தப் பொடியை முதலில் எருக்குழிப் புழுக்களின் மேல் தூவி, இறந்த புழுவிலிருந்து இதே பூஞ்சை மீண்டும் கிடைக்கிறதா என்று பார்க்கவிருக்கிறேன்.